இடப்பக்கம், ஏழாம் வரிசை

ஆறு வருடமாக அந்த பெஞ்சு என்னுடையது.
காலாங் படுகைக் கரையில்
தூங்குமூஞ்சி மரத்தடி. பொருத்தந்தான்.
சனிக்கிழமை காலை ஏழரை மணி.
பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி-ஓ,
உறிஞ்சுகுழாயில் ஒவ்வொரு மிடறாக.

டிராகன் படகுகள் வரும்.
பத்து வரிசை, இருபது பேர்,
முன்னால் முரசு, பின்னால் சுக்கான்.
யார் துடுப்பு அரை நொடி பிந்துகிறது,
யார் இடுப்பைத் திருப்பாமல்
தோளால் மட்டும் இழுக்கிறார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
கரையில் இருப்பவனுக்குத் தெரியாதது ஏது?

வேலையும் அப்படித்தான். கப்பல் காப்பீடு.
மலாக்கா நீரிணையில் போகும் சரக்குக்கு
என்ன ஆபத்து, எவ்வளவு ஆபத்து என்று
இருபத்து மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
சதவீதம் போடுகிறவன்.
பாத்தாம் ஃபெரியில்கூட ஏறியதில்லை,
வாந்தி வரும் என்று.

அடுத்த தடவை பார்க்கலாம் என்பேன்.
பதவி உயர்வுக்கு மனுப் போடச் சொன்னபோது சொன்னேன்.
புனிதவதி மெல்பர்ன் போகும் முன்னால்
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.
அவளிடமும் அதையே.

அந்தச் சனிக்கிழமை ஒரு படகில்
இடப்பக்கம், ஏழாம் வரிசை காலி.
பல் விழுந்த சிரிப்பு மாதிரி
போய்விட்டுத் திரும்பியது.
எழுந்தேன். உட்கார்ந்தேன்.
ஆறிய கோப்பியைக் குடித்தேன்.
மறுபடி எழுந்தேன்.
படகுத்துறைக்கு அறுபது அடி இருக்கும்.
அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை.

"சேரணும்" என்றேன்.
வேறு ஏதோ சொல்லத்தான் வாய் திறந்தேன்.
முரசடிக்கும் ஹுய் மின், என் பாதி வயது,
"அங்கிள், நீந்தத் தெரியுமா?" என்று
ஒரு பாரம் நீட்டினாள்.
பாரம் என்று சும்மாவா சொல்கிறோம்.
பெயர்: ஞானப்பிரகாசம். வயது: ஐம்பத்து நான்கு.
இரத்த அழுத்தம்: உண்டு.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்:
யோசித்துப் பார்த்து
என் எண்ணையே எழுதினேன்.

பக்கத்தில் துடுப்பு துடைத்துக்கொண்டிருந்த ஃபைரோஸ் எட்டிப் பார்த்தான்.
"நீங்க முழுகினா போனை யாரு எடுக்கிறது?"
பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டு
அவன் எண்ணை எழுதினான்.
அதுவரை அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஜாலான் புசார் குளத்தில் தேர்வு. ஐம்பது மீட்டர்.
பாதியை நீந்தினேன்,
மீதியைக் குடித்தேன்.
தேர்ச்சி என்று போட்டார்கள், பாவம்.

முதல் நாள்.
மிதவைச் சட்டையில் யார் யாரோ வியர்வை.
மூன்றாம் இழுப்பில் என் துடுப்பு
முன்னால் இருந்தவர் துடுப்பில் மோதியது.
முரசு நின்றது.
"இடப்பக்கம் ஏழு!" என்று கத்தினாள்.
இருபது தலையும் திரும்பின.
ஆறு வருடம் கரையிலிருந்து
பிறர் துடுப்பில் கண்டுபிடித்த பிழைகளையெல்லாம்
ஒரே காலையில் செய்து முடித்தேன்.

பெஞ்சிலிருந்து பார்க்கத் தண்ணீர் வெறும் வெளிச்சம்.
துடுப்பை உள்ளே விட்டால்
எதிர்த்துப் பேசுகிறது.
தோள் கழன்றுவிடும் போலிருந்தபோது
எப்படியோ
நாலு இழுப்பு சேர்ந்து விழுந்தது.
இருபது துடுப்பும் ஒரே சத்தம்.
படகு தண்ணீரை விட்டு
ஒரு விரல் எழும்பியது,
சத்தியமாக எழும்பியது.
ஐந்தாவதில் விட்டுவிட்டேன்.

மெர்டேக்கா பாலத்தடியில் திரும்பும்போது
என் பெஞ்சைப் பார்த்தேன்.
இவ்வளவு சின்னதா அது!
யாரோ ஒருவர் கால்மேல் கால் போட்டு
கோப்பியோடு உட்கார்ந்திருந்தார்.
எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்,
சரியில்லை என்று.
என்னைத்தான் சொல்லியிருப்பார்.
சரியாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை. இருபத்து மூன்றாம் மாடி.
சூராபாயாவிலிருந்து வரும் ஒரு கப்பலின் கோப்பு.
உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்,
ஒன்று உடைந்துவிட்டது.
சதவீதக் குறியைத் தட்டும்போதெல்லாம்
எரிகிறது.